அழுக்கு நோட்டு நிலையத்தில் ஒரு மனு

பத்து ரூபாய்க்குப் பதில் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். அழுக்கு நோட்டு நிலையத்தின் வரலாற்றில் அப்படிச் சொன்ன முதல் ஆள் நான்தான் என்று பிறகு கோப்பில் எழுதினார்கள்.

நடந்தது 1983 வைகாசியில். என் மனைவி வசந்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு, ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்ட வார்டு உதவியாள் தனக்கொடி வந்திருந்தார். இலையில் உட்காரும் முன் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, கேக்கணும்னே இருந்தேன். அது எழுதிக் குடுத்துச்சே, படிச்சியா?”

“எதை?”

“பத்து ரூவா நோட்டுலப்பா. நான்தான சிஸ்டருகிட்ட பேனா வாங்கியாந்து குடுத்தேன். எழுதி ஒஞ்சட்டப் பையில வச்சுதே.”

“என்ன எழுதினா?”

“எனக்கு எங்க படிக்கத் தெரியும்? அந்த வெள்ள வட்டத்துக்குள்ள பொடிப்பொடியா எழுதுச்சி. ரொம்ப நேரம் எழுதுச்சி.”

கடைசி ஐந்து நாள் வசந்தாவின் தொண்டையில் குழாய் இருந்தது. பேச்சு இல்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் என் சட்டைப் பையில் அவள் பணம் வைத்தது தெரியும். அவள் தங்கை கொடுத்துவிட்டுப் போன பத்து ரூபாய். என் கையில் டாக்டர் எழுதிய ஊசிச் சீட்டு இருந்தது. எதிரே ஜமால் பாய் மருந்துக் கடை. நோட்டைக் கொடுத்தேன், ஊசி வாங்கினேன். திருப்பிப் பார்க்கவில்லை. நோட்டைத் திருப்பிப் பார்த்து யார் கொடுக்கிறார்கள்?

மறுநாள் காலை அவள் இறந்தாள்.

தனக்கொடி போன பிறகு வீட்டைத் தேடினேன். அவள் எழுத்து ஒரு வரிகூட இல்லை. ரேஷன் கார்டில் இருந்தது அதிகாரியின் எழுத்து. நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். கடிதம் எழுதிக்கொள்ள அவசியம் வரவில்லை.

மறுநாள் ஜமால் பாய் கடைக்குப் போனேன். அவர் கல்லாவை மூடிவிட்டு யோசித்தார்.

“எழுதுன நோட்ட பேங்க் கவுண்டர்ல வாங்க மாட்டேங்கறான் தம்பி. அதனால தனியா எடுத்து வைப்பேன். நூறு சேந்ததும் கட்டா கட்டி, கடை முத்திர குத்தி, அழுக்கு நோட்டு நிலையத்துல குடுத்துடுவேன். போன புதன்கிழமதான் குடுத்தேன். அதுல இருந்திருக்கும்.”

“என்ன எழுதியிருந்ததென்று பார்த்தீர்களா?”

“நோட்டுல எழுதுனத யாரு படிப்பா? ஒருத்தன் ஐ லவ் யூன்னுவான், ஒருத்தன் சினிமா நடிகை பேரு எழுதுவான்.” சட்டென்று நிறுத்திக்கொண்டார். “மன்னிச்சுக்க தம்பி. அந்தப் புள்ள எழுதுனதுன்னு தெரியாமப் போச்சு.” பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றோ என்னவோ, தன் வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னார். “எங்க அத்தா பெட்டியில பிரான்சுக்காரன் காலத்து நோட்டு ஒரு கட்டு இருக்கு. மூணு பொண்ணுங்க கல்யாணத்துக்கு வச்சிருந்தாரு. மாத்திக்கச் சொன்ன தேதிக்கு அவரு சைகோன்ல இருந்தாரு. திரும்பி வந்து பாத்தா காகிதம். இப்ப என் பேத்தி கனீஸ் அத வச்சி கட வெளையாட்டு வெளையாடுது. அது கடையில மட்டும் செல்லுது.”

நான் சேதராப்பட்டில் ஒரு பேட்டரி கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். பி.ஏ. வரலாறு. லீவு போட்டுவிட்டு நிலையத்துக்குப் போனேன்.

கடற்கரைக்குப் பின்னால் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பழைய கட்டடம். ஊர் முழுவதிலும் கிழிந்த, கறைபட்ட, எழுதிய நோட்டுகள் அங்கே வந்து சேரும். எண்ணுவார்கள், ஓட்டை போடுவார்கள், வெள்ளிக்கிழமை எரிப்பார்கள். பணத்தைக் கொளுத்த மாதச் சம்பளம் வாங்கியவர்கள் இருபத்திரண்டு பேர்.

மனு கவுண்டரில் ராஜாங்கம் என்ற கிளார்க் இருந்தார். விண்ணப்பத்தை எடுத்து அவரே பூர்த்தி செய்யத் தொடங்கினார்.

“கிழிஞ்சுதா?”

“இல்லை.”

“எரிஞ்சுதா? கரையானா? மாடு கீடு மென்னுடுச்சா?”

“இல்லை. படிக்கணும்.”

பேனா நின்றது. “எதப் படிக்கணும்?”

“நோட்டை.”

“நோட்டுல படிக்க என்னா சார் இருக்கு? பத்துன்னு இருக்கும்.” மேசை இழுப்பறையிலிருந்து புத்தம்புது பத்து ரூபாயை எடுத்து நீட்டினார். “இந்தாங்க. படிங்க.”

விஷயத்தைச் சொன்னேன். அவர் மனமிரங்கிக் கேட்டார். கேட்டு முடித்ததும் அதே புது நோட்டை மறுபடி நீட்டினார்.

“அழுக்கு நோட்டுக்கு நல்ல நோட்டு. ஒங்களுக்கு லாபந்தான? மயில்கூட பளிச்சினு இருக்கு பாருங்க.”

“இது அந்த நோட்டு இல்லை.”

“எல்லாப் பத்து ரூபாயும் ஒண்ணுதான் சார். அதுக்குத்தான கவுர்மெண்ட்டே இருக்கு.”

“ஒன்றுதான் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஏன் வேறு நம்பர்?”

“வேற வேறன்னு தெரியறதுக்கு” என்றார் ராஜாங்கம். சொன்னதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. எழுந்து போய் ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். புரட்டினார். முகம் மாறியது.

“ஒங்க சம்சாரம் நோட்டுல எழுதியிருக்காங்க.”

“ஆமாம்.”

“நோட்டுல எழுதறது தப்பு. வாக்குமூலம் வாங்கணும். அவங்கள நாளைக்கு வரச் சொல்லுங்க.”

“அவள் இறந்துவிட்டாள். இப்போதுதான் சொன்னேன்.”

“எழுதுனதுக்கு முன்னயா, பின்னயா?”

“பின்னால்தான்.”

‘எழுதியவர் விசாரணைக்கு ஆஜராகவில்லை’ என்று குறித்துக்கொண்டார். சான்று கேட்டார். ஊரில் மேரி என்று சொல்லும் நகராட்சிக்குப் போய் இறப்புச் சான்றிதழ் வாங்கி வந்தேன். அதற்கு நாலு நாள். இறந்ததற்கு ஒரு நாள்கூட ஆகவில்லை.

அடுத்தது மாதிரிக் கையெழுத்து. நோட்டில் இருப்பது வசந்தாவின் எழுத்துதான் என்று ஒப்பிட்டுப் பார்க்க, அவள் எழுதிய வேறு ஏதாவது வேண்டும் என்றார்.

“வேறு எதுவும் இல்லை. அதனால்தான் இதைக் கேட்கிறேன்.”

“ஒப்பிட ஒண்ணும் இல்லன்னா மனு தள்ளுபடி ஆவும்.”

“இருந்திருந்தால் மனுவே போட்டிருக்க மாட்டேன்.”

“அதான் சார்” என்றார் அவர், நான் அவர் பக்கம் வந்துவிட்டது போல. “இருந்தா மனு தேவையில்ல. இல்லன்னா மனு செல்லாது. விதி ரொம்பத் தெளிவா இருக்கு.”

கோப்பு நிலைய அதிகாரி இராமதாஸிடம் போனது. அந்த வாரம் அவருக்கு நேரமில்லை. ‘நோட்டைப் போற்றும் வாரம்’ கொண்டாடிக்கொண்டிருந்தார். நிறைவு விழாவுக்கு வந்தால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். போனேன். மேடையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தது. ஏன் என்று பிறகுதான் தெரிந்தது.

பத்து ரூபாய் நோட்டின் பெரிய படத்துக்குச் சந்தனமாலை போட்டிருந்தார்கள். குத்துவிளக்கு எரிந்தது. முன்வரிசையில் இருபத்திரண்டு ஊழியர்களும் அவர்கள் குடும்பமும். இராமதாஸ் நல்ல உயரம், நல்ல குரல். ஒலிபெருக்கி தேவையில்லை. ஆனாலும் இருந்தது.

“பெரியோர்களே! ஆதியில் மனிதன் மாட்டைக் கொடுத்து நெல் வாங்கினான். மாடு செத்தது. நெல்லில் புழு வைத்தது. பிறகு பொன் வந்தது. பொன்னில் செம்பைக் கலந்தார்கள். யார் கலந்தது? திருடனா? இல்லை, அரசர்கள்! டில்லியில் ஒரு சுல்தான் செம்புக் காசை வெள்ளிக் காசு என்று அறிவித்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? வீட்டுக்கு வீடு அடுப்படியில் காசு அடித்தார்கள். அன்று அரசாங்கம் ஒரு பாடம் படித்தது. இல்லாததை இருக்கிறதென்று சொல்லும் உரிமை ஒருவரிடம்தான் இருக்க வேண்டும்!”

கைதட்டல்.

“சீன தேசத்து அரசர்கள் காகிதத்தில் பணம் அடித்தார்கள். படைக்குச் சம்பளம் தர இன்னும் அடித்தார்கள். ராஜ்யம் தீர்ந்துபோனது, காகிதம் தீரவில்லை. அதுதான் காகிதத்தின் பெருமை! நம் ஊரில் பிரான்சுக்காரன் நோட்டு விட்டான். கப்பல் ஏறிப் போனான். நோட்டை உங்களிடம் விட்டுவிட்டுப் போனான். நாம் அப்படிப் போவோமா? மாட்டோம். ஏனென்றால் நமக்குப் போக வேறு இடம் இல்லை. நம் நோட்டுக்கு அதைவிட வேறு என்ன உத்தரவாதம் வேண்டும்? ஐந்து வருஷத்துக்கு முன் ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று ரேடியோவில் சொன்னோம். விடிந்தது. காகிதம்! செல்லும் என்று சொன்னதும் நாம்தான். செல்லாது என்று சொன்னதும் நாம்தான். ஒரு வாக்கைக் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் ஒரே வாய் போதும் என்பதுதான் பொருளாதாரம்!”

பெரிய கைதட்டல். பிறகு என்னைக் காட்டினார்.

“இப்படிப்பட்ட நோட்டில் எழுதுகிறார்கள்! இதோ உட்கார்ந்திருக்கிறாரே திரு. கண்ணையன், இவருடைய மனைவி எழுதினார். இன்று அவர் இல்லை.”

ஒரு தாய் தன் குழந்தையின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள்.

கேள்வி நேரம் என்றார். யாரும் கேட்கவில்லை. நான் எழுந்தேன்.

“இதைக் கொண்டுவருபவருக்குப் பத்து ரூபாய் தருவதாக உறுதியளிக்கிறேன் என்று நோட்டில் போட்டிருக்கிறது. கையெழுத்தும் இருக்கிறது. நான் கொண்டுவந்தால் எதைத் தருவீர்கள்?”

“பத்து ரூபாய்.”

“எந்தப் பத்து ரூபாய்?”

“வேறொரு நோட்டு.”

“அதிலும் தருவதாகத்தானே எழுதியிருக்கிறது. அதைக் கொண்டுவந்தால்?”

“வேறொன்று தருவோம். எத்தனை தரம் வேண்டுமானாலும் வாருங்கள். அலுவலக நேரம் பத்து முதல் இரண்டு” என்றார் இராமதாஸ். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “தம்பி, நோட்டில் எழுதியிருப்பதை யாரும் படிக்கக் கூடாது. எல்லாரும் உங்களைப் போல் படிக்க ஆரம்பித்தால் நாட்டின் கதி என்ன?”

அதன்பின் எல்லாரும் எழுந்து, வலக்கை நீட்டி, நோட்டில் எழுத மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். நானும் எடுத்தேன். எடுத்தால் நோட்டைப் பார்க்க விடுவார்கள் என்று நினைத்தேன்.

விட்டார்கள். ஆனால் அதற்காக இல்லை. எரிக்கும்போது பொதுமக்களில் ஒருவர் சாட்சியாக நிற்க வேண்டும் என்று விதி. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பொதுமக்கள், உலைக்காரர் சின்னக்கண்ணுவின் மாமியார். அந்த வாரம் மாமியார் வில்லியனூர் தேருக்குப் போய்விட்டார்.

“நீங்க வந்து நில்லுங்க சார்” என்றார் ராஜாங்கம். “ஒங்க வேலயும் முடியும், எங்க வேலயும் முடியும். ஆனா பாக்கத்தான் செய்யணும். படிக்கக் கூடாது.”

வெள்ளிக்கிழமை போனேன். பின்கட்டில் செங்கல் உலை. வாயில் குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்திருந்தது. சின்னக்கண்ணு உலையைத் தடவிக் கொடுத்தார்.

“பிரான்சு நோட்டு எரிச்சதும் இதே ஒலதான் சார். அப்ப எங்கப்பா எரிச்சாரு. எவன் நோட்டு போட்டாலும் கடைசியில நம்மகிட்டதான் வரணும்.”

மூன்று அதிகாரிகள் மூன்று சாவி போட்டு இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள். கட்டுகளை எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள். எரிக்கப்போவதில் ஒன்று குறைந்தால் வேலை போய்விடும். ஏழாவது கட்டில் ஜமால் பாய் கடை முத்திரை இருந்தது. அதைக் கையில் எடுத்தேன்.

“சாட்சி நோட்டத் தொடக் கூடாது” என்றார் ராஜாங்கம்.

“விடு” என்றார் இராமதாஸ். அன்று மனு ஒன்றைத் தீர்த்துவைத்ததாகக் கணக்கு காட்ட வேண்டியிருந்தது அவருக்கு.

நாற்பத்து மூன்றாவது நோட்டு. வெள்ளை வட்டத்தில் நீல மையில் பொடி எழுத்து. வரி மேலே ஏறிக்கொண்டு போனது. படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள்.

நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் சாரத்தில் இருக்கும் வீட்டுக்கு நடந்துதான் போவேன். பஸ் காசும் மருந்துக்கு ஆகும் என்று கணக்கு. அவளிடம் பஸ்ஸில் போவதாகச் சொல்லியிருந்தேன்.

நோட்டில் இருந்தது இது:

ஊசி வேணாம். இத பஸ்ஸுக்கு வச்சிக்க. நடக்காத. வீட்டுக்குப் போயி

அதற்கு மேல் ஓட்டை. எரிப்பதற்கு முன் செல்லாதென்று காட்டப் போடும் ஓட்டை. ஒரு ரூபாய்க் காசு அளவு. கடைசி வார்த்தை அதில் போயிருந்தது.

“ஓட்டையில் விழுந்த துண்டு எங்கே?”

“அதுக்குத் தனி மூட்ட சார்” என்றார் சின்னக்கண்ணு. “போன வெள்ளிக்கெழமையே எரிச்சாச்சு. துண்டு மொதல்ல, நோட்டு அப்புறம்.”

“ஏன்?”

அவர் இராமதாஸைப் பார்த்தார். இராமதாஸ் ராஜாங்கத்தைப் பார்த்தார். “ரெண்டையும் ஒண்ணா வச்சா யாராவது சேத்து ஒட்டிடுவாங்க சார்” என்றார் ராஜாங்கம்.

அந்த நோட்டை எனக்குக் கொடுங்கள் என்றேன். கேட்டது அது ஒன்றுதான். கட்டில் தொண்ணூற்றொன்பது ஆகிவிடும் என்றார்கள். பையிலிருந்து நல்ல பத்து ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். மூன்று அதிகாரிகளும் பின்வாங்கினார்கள்.

“நல்ல நோட்டை எரிப்பதா? ஜெயிலுக்குப் போவோம்!” என்றார் இராமதாஸ். “அழுக்கு நோட்டைத்தான் எரிக்கலாம்.”

ராஜாங்கத்தின் சட்டைப் பையில் பேனா இருந்தது. எடுத்தேன். நல்ல நோட்டின் வெள்ளை வட்டத்தில் எழுதினேன்: நடந்துதான் போனேன்.

அவளுக்கு நான் எழுதியதும் அது ஒன்றுதான்.

நீட்டினேன். இராமதாஸ் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படிக்கவில்லை. எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

“இப்போது அழுக்கு நோட்டு. சேர்த்துக்கொள்ளலாம்.”

ராஜாங்கம் ஓட்டை போட்டார். கட்டில் வைத்தார். நான் வசந்தாவின் நோட்டை எடுக்கப் போனேன்.

“அது வெளியே போகாது” என்றார் இராமதாஸ்.

“பதிலுக்கு ஒன்று கொடுத்தேனே.”

“நோட்டுக்குப் பதில் நோட்டு தரலாம். அது நோட்டு இல்லையே. ஓட்டை போட்ட நிமிஷமே அது சாம்பல். இன்னும் எரியாத சாம்பல். அரசாங்கச் சாம்பலை வெளியாளிடம் கொடுக்க முடியாது.”

“அப்படியானால் என் நோட்டு?”

“அதுவும் இப்போது அதுதான்.”

ராஜாங்கம் கட்டை எண்ணினார். நூற்றொன்று. எல்லார் முகமும் வெளுத்தது. ஒன்று கூடினாலும் வேலை போய்விடும். அரைமணி நேரம் ஆலோசித்தார்கள். பொதுமக்கள் அழுக்கு நோட்டு கொடுத்தால் பதிலுக்கு நல்ல நோட்டு கொடுத்து வரவில் சேர்க்கலாம் என்று புத்தகத்தில் ஓர் இடம் கண்டுபிடித்தார்கள். இழுப்பறையிலிருந்து புதுப் பத்து ரூபாயை எடுத்து என்னிடம் கொடுத்தார் ராஜாங்கம். முதல் நாள் நான் மறுத்த நோட்டாக இருக்கலாம். நம்பர் பார்த்து வைக்கவில்லை.

சின்னக்கண்ணு கட்டுகளை உள்ளே போட்டார். நல்ல காகிதம், மெதுவாக எரிந்தது. இரண்டு நோட்டும் ஒரே கட்டில் இருந்தன. அனைத்தும் எரிந்ததைக் கண்ணால் கண்டேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கோப்பில் ‘மனுதாரர் திருப்தியுடன் சென்றார்’ என்று இராமதாஸ் எழுதினார்.

வெளியே வந்தேன். வெயில். அவள் பஸ்ஸில் போகச் சொல்லியிருந்தாள். நிறுத்தத்தில் நின்று டவுன் பஸ் ஏறினேன். சாரம் என்று சொல்லிப் பத்து ரூபாயை நீட்டினேன்.

“நாப்பது பைசா டிக்கெட்டுக்குப் பத்து ரூவாயா? சில்ற இல்ல சார், எறங்கு.”

“நல்ல நோட்டுதான்.”

“நல்ல நோட்டு இல்லன்னு யாரு சொன்னா? எறங்குன்னுதான் சொல்றேன்” என்று விசில் கொடுத்தார் கண்டக்டர்.

இறங்கினேன். சாரத்துக்கு மூன்று கிலோமீட்டர். நடந்தேன். வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.